ஓட்டல் படிப்புக்குள் பிரெஞ்சு எப்படி வந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேட்டரிங், ஓட்டல் மேனேஜ்மென்ட், சுற்றுலா படிப்புகளைப் பற்றி விசாரிக்கிற பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், அதுல பிரெஞ்சு எல்லாம் சொல்லித் தர்றாங்களாமே, நம்ம பையனுக்கு இங்கிலீஷே தடுமாறுதே, தேறுவானா?" இன்னும் சிலர் நேராகவே கேட்கிறார்கள்: "நம்ம ஊர் ஓட்டல்ல வேலை பாக்கிறதுக்கு பிரெஞ்சு எதுக்கு சார்?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நூற்றைம்பது ஆண்டுக் கதை இதற்குள் இருக்கிறது. நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால், மொழிப் பாடம் ஒரு தொழிலுக்குள் எப்படி நுழைகிறது, எப்படி உரு மாறுகிறது என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.

முதலில் சுவிட்சர்லாந்துக்குப் போவோம்.

இன்று பணக்கார நாடான சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஏழைக் கிராமங்கள். நிலம் குறைவு, பனி அதிகம், வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அதிகம். அந்த நேரத்தில் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர் 1863-இல் முதல் முறையாக ஒரு கூட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனார். அதற்குப் பிறகு ஏரிக்கரைகளிலும் மலை உச்சிகளிலும் பெரிய பெரிய ஓட்டல்கள் எழுந்தன. வருகிற விருந்தாளி ஆங்கிலம் பேசுவார், பிரெஞ்சு பேசுவார், ரஷ்யப் பிரபுவாக இருந்தாலும் பிரெஞ்சுதான் பேசுவார். பரிமாறுகிற பையனோ மலைக்கிராமத்து ஜெர்மன் மட்டும் தெரிந்தவன்.

அப்படிப்பட்ட பையன்களில் ஒருவர்தான் செசார் ரிட்ஸ். 1850-இல் நீடர்வால்ட் என்ற சிற்றூரில், 13 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். ஜெர்மன் பேசும் ஊர். பன்னிரண்டு வயதில் அவரைப் பிரெஞ்சு பேசும் சியோன் நகரத்துப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். பதினைந்து வயதில் ஒரு ஓட்டலில் எடுபிடியாகச் சேர்ந்தார். இந்தத் தொழிலுக்கு நீ லாயக்கில்லை என்று அந்த ஓட்டல்காரர் அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். 1867-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது அங்கே போனார். பின்பு வியன்னா, நீஸ், சான் ரெமோ, லூசெர்ன், லண்டன் என்று ஊர் ஊராக வேலை பார்த்தார். ஒவ்வோர் ஊரும் அவருக்கு ஒரு வகுப்பறை. 1898-இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். இன்று ஆங்கில அகராதியில் ஆடம்பரத்தைக் குறிக்க 'ரிட்ஸி' என்ற சொல்லே இருக்கிறது என்றால் அது அந்த மலைக்கிராமத்துப் பையனின் பெயர்தான்.

ரிட்ஸ் ஒருவர் மட்டும் அப்படிப் போகவில்லை. ஜெர்மன் பேசும் சுவிஸ் குடும்பங்களில் பிள்ளைகளை ஒரு வருடம் பிரெஞ்சு பேசும் பகுதிக்கு அனுப்பி, வீட்டு வேலையோ கடை வேலையோ பார்த்துக்கொண்டே மொழி கற்க வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஓட்டல் பையன்கள் கோடையில் மலை ஓட்டல், குளிர்காலத்தில் கடற்கரை ஓட்டல் என்று மாறி மாறி வேலை செய்து இரண்டு மூன்று மொழி கற்றார்கள். மொழி கூடக் கூடப் பதவி கூடியது. பாத்திரம் கழுவுகிறவன் பரிமாறுகிறவன் ஆனான்; பரிமாறுகிறவன் வரவேற்பு மேசைக்கு வந்தான்; அங்கிருந்து மேலாளர் ஆனான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மொழிதான் ஏணி.

இந்த அனுபவத்திலிருந்துதான் உலகின் முதல் ஓட்டல் பள்ளி பிறந்தது. 1893-இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், ஏரிக்கரையில் உள்ள ஊஷி என்ற இடத்தில், ஆங்கிலேயர் பெயர் தாங்கிய 'ஓத்தெல் தாங்லெத்தேர்' என்ற ஓட்டலின் அறைகளிலேயே பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் ழாக் சூமி என்ற ஓட்டல்காரர். சுவிஸ் ஓட்டல் உரிமையாளர் சங்கம் துணை நின்றது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் புழங்கும் நாட்டில், ஆங்கில விருந்தாளிகளை நம்பிப் பிழைக்கும் தொழிலுக்குத் தொடங்கிய பள்ளி அது. அங்கே மொழிப் பாடம் உயிர்ப் பாடம். அறை வேண்டும் என்கிறவருக்குப் பதில் சொல்ல, கணக்குச் சீட்டை விளக்க, கோபப்படுகிறவரைச் சமாதானப்படுத்த மொழி வேண்டியிருந்தது.

இது கதையின் முதல் பாதி. இரண்டாம் பாதி சமையலறையில் நடக்கிறது.

ரிட்ஸோடு கூட்டுச் சேர்ந்த சமையல்காரர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935), பிரெஞ்சுக்காரர். லண்டன் சவாய் ஓட்டலில் 1890 முதல் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பெரிய சமையலறையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, பட்டாளம் போல் ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்து நடத்தும் முறையை நிலைநாட்டியவர் எஸ்கோஃபியேதான். செஃப், சூ செஃப், கோமி என்று இன்று உலகமெங்கும் ஓட்டல்களில் வழங்கும் பதவிப் பெயர்கள் அந்த முறையோடு பரவியவை. 1903-இல் அவர் வெளியிட்ட சமையல் நூல் தொழிலின் சட்டப் புத்தகம் போல ஆனது.

அந்தப் பெயர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஃப்ளோரன்டீன்' என்று பெயர் வந்தால் அதில் பசலைக்கீரை இருக்கும். 'பார்மன்டியே' என்றால் உருளைக்கிழங்கு. 'துபாரி' என்றால் காலிஃபிளவர். 'க்ரேசி' என்றால் கேரட். 'லியோனேஸ்' என்றால் வெங்காயம். சமையல் குறிப்பு முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிய சங்கேதம் இது. லண்டனில் எழுதிய மெனுவை நியூயார்க்கிலும் கப்பலிலும் அப்படியே சமைக்கலாம். நம் ஊர் டீ மாஸ்டரிடம் "ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சக்கரை கம்மி" என்று குரல் போனால் போதும் அல்லவா? அதே வேலையைத்தான் இந்தப் பெயர்கள் உலக அளவில் செய்தன.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொழிற்சொல் தெரிவது வேறு, மொழி தெரிவது வேறு. மருத்துவருக்கு நூற்றுக்கணக்கான லத்தீன் சொற்கள் தெரியும். அவரால் லத்தீனில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியாது. அதுபோல 'ஆ லா கார்த்', 'மீஸ் ஆன் ப்ளாஸ்' என்று சரளமாகச் சொல்கிற சமையல்காரருக்கு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்து "என் பெட்டியைக் காணோம்" என்று சொன்னால் புரியாது. ஒரு சுவையான செய்தியும் உண்டு. லண்டனில் பல ஆண்டுகள் இருந்தும் எஸ்கோஃபியே ஆங்கிலம் கற்றுக்கொள்ள விரும்பவில்லை என்பார்கள். அவருக்குத் தேவையும் இல்லை. விருந்தாளிகளோடு பேசுகிற வேலை ரிட்ஸுடையது. கூடத்தில் ரிட்ஸுக்கு மொழி ஏணி. சமையலறையில் எஸ்கோஃபியேவுக்குப் பிரெஞ்சு சங்கேதம். ஓட்டல் படிப்புகள் இந்த இரண்டையும் ஒரே பெயரில் 'பிரெஞ்சுப் பாடம்' என்று அழைக்கத் தொடங்கியதுதான் பின்னால் வந்த குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டல் நிர்வாகம் பட்டப்படிப்பானது. ஹோவர்ட் மீக் என்பவர் அதை நடத்தினார். அமெரிக்க ஓட்டல்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு வியாபாரிகள், ரயிலில் வருகிற பயணிகள். அங்கே கணக்கியல், பொறியியல், உணவு அறிவியல் முன்னுக்கு வந்தன. பிறகு உலகம் முழுவதும் உருவான ஓட்டல் பட்டப்படிப்புகள் சுவிஸ் மரபையும் அமெரிக்க மரபையும் கலந்து எடுத்துக்கொண்டவை. கலவையில் மொழிக்கு ஒதுங்கிய ஓரம்தான் கிடைத்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். விருந்தாளியின் மொழியைக் கற்றுப் பிழைப்பது நமக்குப் புதிதா? இல்லவே இல்லை.

மெட்ராஸ் கடற்கரையில் கப்பலில் இருந்து இறங்கும் புது வெள்ளைக்காரரை எதிர்கொண்டு, வீடு பிடித்துக் கொடுத்து, வேலையாள் அமர்த்தி, கடன் வரை ஏற்பாடு செய்தவர்கள் துபாஷிகள். 'இரு மொழி பேசுபவர்' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அன்றைய டிராவல் ஏஜென்டும் டூரிஸ்ட் கைடும் அவர்களே என்று சொல்லலாம். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்று உலகம் மதிக்கும் வரலாற்று ஆவணம்.

துபாஷிகள் செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்கள். அவர்களுக்குக் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் சமைத்து, பரிமாறி, துணி மடித்த சாதாரண மக்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே காதால் கேட்டு ஆங்கிலம் பேசினார்கள். அதற்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்து இன்றுவரை நாமே சிரிக்கிறோம். 1886-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' இதை மெட்ராஸ் மாகாணத்து வேலைக்காரர்களின் பேச்சு என்று குறித்து வைத்திருக்கிறது.

ஆனால் அந்த அகராதி சொல்லும் இலக்கணத்தைக் கவனித்தால் சிரிப்பு நின்றுவிடும். இனிச் செய்யப்போகும் செயலுக்கு 'இங்' விகுதி, செய்து முடித்த செயலுக்கு முன்னால் 'டன்' என்ற சொல். ஒழுங்கான விதி. "சொல்லிவிட்டேன்", "வந்துவிட்டான்" என்று நாம் 'விடு' சேர்த்து முடிந்த செயலைக் காட்டுகிறோமே, அதைப் போன்ற வேலையைத்தான் அந்த 'டன்' செய்கிறது. கற்றுத் தர ஆளில்லாதபோது மனித மூளை தானே ஒரு மொழியைக் கட்டிக்கொண்டது. ரிட்ஸ் ஊர் ஊராகப் போய்க் கற்றதும் இவர்கள் கற்றதும் ஒரே வகைக் கல்விதான். ரிட்ஸுக்கு அது ஏணி ஆயிற்று. இவர்களுக்கு மேலே ஏறப் படி இல்லை; கிடைத்தது கேலி மட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு முறையான படிப்பு வந்தது. 1954-இல் பம்பாயில், லீலாவதி முன்ஷி தலைமையிலான அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கவுன்சில் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது. இன்று தரமணியில் உள்ள மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் 1963-இல் தோன்றியது. 1982-இல் இத்தகைய நிறுவனங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு தேசியக் கவுன்சில், மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் அமைந்தது. இன்று பல கல்லூரிகள் பின்பற்றும் பாடத்திட்டம் அதனுடையது.

அந்தப் பாடத்திட்டத்தில் பிரெஞ்சு எப்படி இருக்கிறது? ஃப்ரண்ட் ஆபீஸ் பாடத்தின் ஒரு பகுதியாக, எழுத்துகளின் மேல் போடும் குறிகள், எண்கள், கிழமைகள், மாதங்கள், பருவங்கள், மணி சொல்லும் விதம் என்று கொஞ்சம். உணவு பரிமாறும் பாடத்திலும் சமையல் பாடத்திலும் மெனுச் சொற்கள் கொஞ்சம். தனியார் கல்லூரிகளிலும் பெரும்பாலும் இதே அளவுதான். அதாவது எஸ்கோஃபியேவின் சங்கேதம் மிச்சமிருக்கிறது; ரிட்ஸின் ஏணி காணாமல் போய்விட்டது. கிழமைப் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வருகிற மாணவர், பிரெஞ்சு விருந்தாளி ஒருவரிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசுவது அரிது.

இதில் யாருக்கு நட்டம் என்பதுதான் என் கவலை.

தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். ஆங்கில அறிவைச் சோதிக்கத் தனிப் பகுதியும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில். உடன் வேலை செய்கிற வடமாநிலத்துத் தோழர்களோடு இந்தி. இதற்கு மேல் பிரெஞ்சு. ஆக இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் உண்மையான இரண்டாம் மொழி. அதை இந்தத் தொழிலுக்கு ஏற்றபடி நின்று நிதானமாகக் கற்பிக்க யாருக்கும் நேரமில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது பிரிவினை நடக்கிறது. ஆங்கிலம் சரளமாக வருகிறவர் வரவேற்பு மேசைக்கு. வராதவர் சமையலறைக்கோ ஹவுஸ்கீப்பிங்குக்கோ. சமையலறை தாழ்ந்த இடம் என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, பேச்சு வரவில்லை என்று அனுப்பப்படுவது வேறு. ஏணியாகத் தொடங்கிய மொழி இங்கே சல்லடை ஆகிவிட்டது.

சரி, வகுப்பறையில் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

1975-இல் ஐரோப்பிய கவுன்சில் ஆங்கிலத்துக்கு ஒரு 'தொடக்க நிலை' வரையறையை வெளியிட்டது. இலக்கண வரிசைப்படி அல்லாமல், கேட்பது, மறுப்பது, மன்னிப்புக் கோருவது, வழி சொல்வது என்று மொழியால் செய்கிற வேலைகளை வரிசைப்படுத்தியது. அந்த வழியில்தான் 2001-இல் ஏ1, ஏ2 என்று தொடங்கும் ஆறு படிநிலைகள் வந்தன. இன்று பிரெஞ்சு, ஜெர்மன் தேர்வுகளில் நாம் கேள்விப்படுகிற ஏ1 அதுதான்.

நம் பக்கத்திலேயே இன்னொன்று நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணம் முதலில் என்ற முறையை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவு செய்வது, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைக் கொடுத்தார். வேலையைச் செய்து முடிக்கும் முயற்சியில் மொழி தானாக வந்து சேரும் என்பது அவர் கருத்து. 'பெங்களூர் திட்டம்' என்று உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுவது இதுதான்.

ஓட்டல் என்பதே இப்படிப்பட்ட வேலைகளின் தொகுப்பு அல்லவா? அறை ஒதுக்குவது, ஏசி ஓடவில்லை என்ற புகாரைக் கேட்பது, இந்தச் சாப்பாட்டில் வேர்க்கடலை இருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது. ஒவ்வாமை உள்ள விருந்தாளி ஒருவருக்கு அந்தக் கடைசிப் பதில் உயிர்ப் பிரச்சினை. கிழமைகளை ஒப்பிப்பதற்கு ஆகும் மணிநேரத்தில் இவற்றை நடித்துப் பழகலாம்.

எந்த மொழி என்பதையும் ஊர் பார்த்து முடிவு செய்யலாம். வேலூர் மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜுகளுக்குப் போய்ப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களோடு நம் பையன்கள் வங்காளியில் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயர்ப்பலகைகளில்கூட வங்காளி எழுத்து. எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய, ஜப்பானியத் தொழிற்சாலைகளால் அந்த மொழிகளுக்குத் தேவை இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கடைகளில் பிரெஞ்சில் விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கும் புதுச்சேரியிலும் வேலை தேடுகிறவருக்குப் பிரெஞ்சு உண்மையிலேயே சோறு போடும். ஆக நான் பிரெஞ்சுக்கு எதிரி இல்லை. கற்பிப்பதானால் பேசும் அளவுக்குக் கற்பியுங்கள் என்கிறேன்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, கல்லூரியில் கட்டணம் கேட்கும்போது இவற்றையும் கேளுங்கள்:

மொழிப் பாடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பருவம்?

கற்பிப்பவர் அந்த மொழியை முறையாகப் படித்தவரா, அல்லது வேறு பாட ஆசிரியர் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாரா?

தேர்வு எழுதுவது மட்டும்தானா, பேசவும் வைக்கிறார்களா?

தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச முதல் ஆண்டில் தனி வகுப்பு உண்டா?

நான்காவது கேள்விதான் முதன்மையானது. அதற்கு நல்ல பதில் கிடைத்தால் மற்றவற்றைப் பிள்ளையே பார்த்துக்கொள்வான்.

படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், கொரிய மொழிக்கு இன்கோ மையம் எல்லாம் இருக்கின்றன. புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-இலிருந்து இருக்கிறது. கல்லூரி முடிவதற்குள் ஏதாவது ஒரு மொழியில் ஏ1, முடிந்தால் ஏ2 அளவு தேறிவிடுங்கள். முன்னே ஆங்கிலத்தைத் தைரியமாகப் பேசிப் பழகுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். மெட்ராஸ் பட்லர்களைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர்கள் பேசுவதை நிறுத்தவில்லை.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு எந்த மொழி எங்கே கைகொடுத்தது, எங்கே இல்லாமல் போய்த் திண்டாடினீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்து சேரப் போகிற பிள்ளைகளுக்கு அது என் பதிவைவிட அதிகம் உதவும்.